அடுப்பு மட்டமா இருக்கணுமா ஆச்சி?

அடுப்படிக் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கேள்வில பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், அடுப்பு சாஞ்சிருக்கு, எண்ணெய் ஒரு பக்கம் ஓடுது, பணியாரம் ஒரு பக்கம் கருகுது, என்ன செய்யிறதுன்னு. அதனால மசாலாப் பொடி, ஊறுகாய்க் கேள்வியெல்லாம் அடுத்த மாசத்துக்கு எடுத்து வச்சுட்டு இத மட்டும் பாத்துருவோம்.

காரைக்குடியிலேர்ந்து ஒரு வாசகி: ஆச்சி, எங்க மாமியார் வீடு பழைய வீடு. பின்கட்டுல இருந்த வெறகு அடுப்பெல்லாம் எடுத்துட்டு இப்பத்தான் கருப்பு கிரானைட்ல மேடை போட்டு மூணு பர்னர் கிளாஸ் டாப் அடுப்பு வாங்கி வச்சோம். வச்ச நாள்லேர்ந்து ஆம்லெட் ஊத்துனா சிங்க் பக்கம் தடிப்பா இருக்கு, இந்தப் பக்கம் மெலிசா வந்து கருகுது, மீன் வறுத்தா எண்ணெய் பூரா ஒரு ஓரத்துல போய் நிக்குது. கொத்தனாரக் கேட்டா தண்ணி நிக்காம இருக்க வாட்டம் குடுத்துருக்கேன், அது அப்படித்தான் இருக்கும்ங்கிறாரு. வீட்டுக்காரர் கேஸ் எரிஞ்சா போதும், மட்டமா இருந்தா என்ன இல்லாட்டி என்னங்கிறாரு. மாமியார் என்னன்னா வெறகடுப்புல இந்தத் தொல்லையே இருந்ததில்லங்கிறாக. மேடைய இடிச்சு மறுபடி போடணுமா? நெசமாவே அடுப்பு மட்டமாத்தான் இருக்கணுமா?

பதில்: மேடைய இடிக்காதீங்க தங்கச்சி, அந்த நெனப்பையே விட்டுருங்க. உங்க கொத்தனார் சொன்னது சரி. மேடைக்கு வாட்டம் கண்டிப்பா வேணும், இல்லாட்டி கழுவி விட்ட தண்ணி அடுப்புக்கு அடியில போய்த் தங்கி அழுக்குச் சேந்து கரப்பான் வந்து குடியேறி அடுப்போட அடித்தகடு துருப்பிடிச்சுப் போகும். ஆனா மேலே இருக்கிற அடுப்புக்கு வேண்டியது மட்டம். வாட்டமான கல்லு மேல மட்டமான அடுப்பு இருக்கணும்னா அத அடுப்போட நாலு கால்லதான் சரிக்கட்டணும், கல்லுல கை வைக்க வேண்டியதே இல்ல.

வீட்டுக்காரர் சொன்னதும் பாதி சரிதான். லேசா சாஞ்ச அடுப்புல கேஸ் ஒழுங்காத்தான் எரியும், தீ எப்பவும் மேல பாத்துத்தான் போகும், பர்னருக்கு அதனால ஒண்ணும் கெடுதல் இல்ல. சட்டிக்குள்ள இருக்கிற எண்ணெய்க்குத்தான் அது தெரியும். ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு அடிக்கு 3 மில்லிமீட்டர் வாட்டம்னு வச்சுக்குவோம், கண்ணால பாத்தா ஒண்ணுமே தெரியாது, டிகிரில சொன்னா அரைக்குக் கொஞ்சம் மேல, அம்புட்டுத்தான். ஒரு அடி அகலத் தோசைக்கல்லுல அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் 3 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்துருது. மீன் வறுக்க நம்ம ஊத்துற எண்ணெயோட ஆழமே அந்த அளவுதான் இருக்கும், அப்ப ஒரு பக்கம் எண்ணெய் குளமா நிக்கும் இன்னொரு பக்கம் காஞ்சு போய்க் கெடக்கும், மீனு அங்க ஒட்டிப் பிடிக்கும். அதே அடுப்புல சாம்பார் வச்சா? சட்டில 10 சென்டிமீட்டர் ஒசரத்துக்குக் கொழம்பு கொதிக்குது, அதுல 2, 3 மில்லிமீட்டர் ஏறி எறங்கி இருந்தா யாருக்குத் தெரியப்போவுது. சோறு ஆக்குறதும் அப்படித்தான், ரசம், பருப்பு, பாயசம் எதுவும் மட்டத்தப் பத்திக் கவலப்படாது. அதனால எல்லாச் சமையலுக்கும் அடுப்பு மட்டமா இருந்தே ஆகணும்னு நான் சொல்லமாட்டேன். மெலிசா பரப்பி வேகவைக்கிறது எதுவோ அதுக்கு மட்டம் வேணும், ஆம்லெட், மீன் வறுவல், ரவா தோசை, கட்லெட், சப்பாத்தி மேல ஊத்துற எண்ணெய், இந்த மாதிரி.

சாதாரண தோசைய இதுல சேக்கல, கவனிச்சீங்களா? அரைச்ச மாவு தோசை கல்லுல பட்ட ஒடனே பிடிச்சுக்கும், அரை டிகிரி சாய்வுக்கெல்லாம் அது ஓடாது. தோசை ஒரு பக்கம் தடிப்பா வருதுன்னா முக்காவாசி நேரம் கரண்டி சுத்துற கையும் கல்லோட சூடும்தான் காரணம். ரவா தோசை மாவு தண்ணியா ஓடுறது, அது சாய்வு எந்தப் பக்கம்னு காட்டிக் குடுத்துரும்.

இருப்புச்சட்டி சங்கதி வேற, இத நல்லா தெரிஞ்சுக்கணும். அடி உருண்டையா இருக்கிற சட்டி லேசா சாஞ்சாலும் எண்ணெய் அதோட ஆழமான எடத்தத் தானா தேடிக்கும், குழி எங்க மாறுதோ அங்க போய் நிக்கும், ஆழம் கொறையாது. அதனாலதான் நம்ம பக்கத்துப் பழைய இருப்புச்சட்டில வெள்ளைப் பணியாரம் எந்த அடுப்புலயும் ஒழுங்கா வருது. பச்சரிசிய ஒரு டம்ளர் தலைதட்டி எடுத்து அது மேலயே உளுந்த கோபுரமா வச்சு ஊறவச்சு அரைச்ச மாவு, ஒரு கரண்டி எடுத்துக் காஞ்ச எண்ணெய்க்கு நடுவுல ஒரே எடத்துல ஊத்துறோம், அது அடியில போய் வட்டமா விரிஞ்சு மேல மெதந்து வரும், ஓரம் லேசா மொறுமொறுப்பா நடு மெத்துன்னு, செவக்க விடாம ஒரே தடவ திருப்பிப் போட்டு எடுக்கணும். இதுக்கு எண்ணெயோட ஆழம் முக்கியம். இப்ப கடையில விக்கிற கடாய் நெறைய இண்டக்‌ஷன்லயும் வைக்கட்டும்னு தட்டையான அடியோட வருது. அதுல எண்ணெய கொறைச்சு ஊத்தி, அடுப்பும் சாஞ்சிருந்துச்சுன்னா ஒரு பக்கம் ஆழம் பத்தாம பணியாரம் அடியில தட்டி ஒட்டிக்கிரும், ஒட்டுன எடம் செவந்துரும், வெள்ளைப் பணியாரம்ங்கிற பேரே போயிரும். அப்படிப்பட்ட சட்டிக்கு மட்டம் பாக்கணும், இல்லாட்டி உருண்டை அடிச் சட்டிக்கு மாறிக்குங்க, நான் ரெண்டாவதத்தான் சொல்வேன்.

சரி, இப்ப உங்க வீட்டுல சாஞ்சிருக்கிறது எதுன்னு மொதல்ல கண்டுபிடிங்க, ஏன்னா அடுப்பு மேல பழியப் போட்டுட்டுத் தோசைக்கல்லு கோணலா இருந்தா எத்தன அடுப்பு மாத்துனாலும் தீராது. அடுப்ப பத்த வைக்காம, ஆறுன தோசைக்கல்ல எடுத்து வச்சு ரெண்டு கரண்டி தண்ணி ஊத்துங்க. எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாத்துக்குங்க. அப்புறம் கல்ல மட்டும் அரைச்சுத்துத் திருப்பி வைங்க, பிடி இந்தப் பக்கம் இருந்தது அந்தப் பக்கம் போகணும். தண்ணி மறுபடி அதே சிங்க் பக்கமே ஓடுனா சாய்வு அடுப்புல இருக்கு. கல்லோட சேந்து தண்ணியும் எடம் மாறுச்சுன்னா கோணல் கல்லுல இருக்கு, அடுப்பத் தொடாதீங்க. தண்ணி நடுவுல நிக்காம சுத்தி எல்லா ஓரத்துக்கும் போச்சுன்னா கல்லோட அடி மேல பாத்து உப்பியிருக்குன்னு அர்த்தம், மெலிசான நான்ஸ்டிக் தவாவ காய விட்டுத் தண்ணி தெளிச்சே பழக்கமானவங்க வீட்டுல இது சகஜம். இன்னொண்ணு, அடுப்பும் கல்லும் ரெண்டும் சரியா இருந்தாலும் கல்லு நல்லா காஞ்சப்புறம் நடுவுல விட்ட எண்ணெய் கொஞ்சம் ஓரத்துக்கு விலகத்தான் செய்யும், சூடு கூடுன எடத்துலேர்ந்து எண்ணெய் ஒதுங்கும், அது சாய்வு இல்ல, அதுக்காக மண்டையப் போட்டு ஒடச்சுக்காதீங்க.

அடுப்புதான்னு தெரிஞ்சுபோச்சா, கொத்தனார்கிட்ட மட்டம் பாக்கிற ரசமட்டம் (ஸ்பிரிட் லெவல்) இருக்கும், ஒரு நிமிஷம் வாங்கிக்குங்க. கண்ணாடி மேல வைக்காதீங்க, பாத்திரம் ஒக்காருற கம்பி ஸ்டாண்டு மேல வைங்க, ஒரு தடவ இடம் வலமா, ஒரு தடவ முன்ன பின்ன. உள்ள இருக்கிற குமிழி எந்தப் பக்கம் ஏறுதோ அந்தப் பக்கம் மேடு, எதிர்ப்பக்கத்தத்தான் தூக்கணும். போன்லயே மட்டம் பாக்கிற ஆப் இருக்கு, அதுவும் போதும், ஆனா பின்னாடி கேமரா துருத்திக்கிட்டு இருக்கும் பாருங்க, அதனால போன ஒரு தட்டையான தட்டு மேல வச்சு, போனயும் அரைச்சுத்துத் திருப்பி ரெண்டு தடவ பாத்து ரெண்டும் ஒரே பக்கத்தச் சொல்லுதான்னு சரிபாத்துக்குங்க. மூணு பர்னரையும் தனித்தனியா பாருங்க. ஒண்ணு மட்டும் சாஞ்சிருந்தா அந்தக் கம்பி ஸ்டாண்டக் கழுவித் திரும்ப வைக்கும்போது காடியில சரியா ஒக்காரலன்னு அர்த்தம், எடுத்துத் திருப்பி வச்சாலே நேராயிரும். பர்னரோட பித்தளைத் தலையும் இப்படித்தான், கழுவிட்டுக் கோணலா வச்சா தீ ஒரு பக்கம் நீளமா இன்னொரு பக்கம் குட்டையா எரியும், நம்ம அடுப்பு சாஞ்சிருக்குன்னு நெனச்சுக்குவோம்.

தூக்குறதுக்கு முன்னாடி ரெகுலேட்டர மூடுங்க, டியூப் இழுபடாம பாத்துக்குங்க, கண்ணாடி அடுப்ப ஒரு கையால ஒரு மூலையப் பிடிச்சு நெம்பாதீங்க, ரெண்டு பேரா ரெண்டு பக்கம் பிடிங்க. சில அடுப்புல ரப்பர் காலுக்கு மரையே இருக்கும், திருகுனா ஏறி எறங்கும், வேலை முடிஞ்சுச்சு. மரை இல்லாத அடுப்புக்கு ஹார்டுவேர் கடையில அகலமான ஸ்டீல் வாஷர் கெடைக்கும், தாழ்ந்த பக்கத்து ரெண்டு காலுக்கும் அடியில ஒண்ணு ஒண்ணா சேத்துக்கிட்டே வாங்க. இல்லன்னா மெலிசான டைல்ஸ் துண்டு. பேப்பர மடிச்சு வைக்கிறது, தீப்பெட்டி அட்டை, மரச்சில்லு இதெல்லாம் வேணாம், எண்ணெயும் தண்ணியும் குடிச்சு அமுங்கிப் போகும், மட்டமும் போகும், அடுப்புக்கு அடியில தீப்பிடிக்கிற பொருள எதுக்கு வைக்கணும். காலுக்கு அடியில மட்டும் வைங்க, அடுப்போட ஒடம்புக்கு அடியில எதையும் சொருகிக் கண்ணாடிக்கு அழுத்தம் குடுக்காதீங்க. கனமான கல்ல மேல வச்சு அதுக்கப்புறம் ஒரு தடவ மட்டம் பாருங்க, ஏன்னா ரப்பர் கால் பாரத்துக்கு அமுங்கும். ஒரு அடிக்கு 1 மில்லிமீட்டருக்குள்ள வந்துருச்சுன்னா போதும், அதுக்கு மேல நுணுக்கம் பாக்க வேண்டியதில்ல.

அதவிட முக்கியம் ஒண்ணு இருக்கு. மட்டம் பாக்குறதுக்கு முன்னாடி ஆட்டம் பாருங்க. நாலு மூலையையும் ஒவ்வொண்ணா விரலால அழுத்துங்க, எங்கயாச்சும் டக்குன்னு ஒரு சத்தம் வந்து எதிர்மூலை எந்திரிச்சுச்சுன்னா ஒரு கால் அந்தரத்துல நிக்குது. சாஞ்ச அடுப்பு ஆம்லெட்டத்தான் கெடுக்கும், ஆடுற அடுப்பு கொதிக்கிற எண்ணெய மேல கொட்டிரும்.

உங்க மாமியார் சொன்னதுலயும் நெசம் இருக்கு. மண் அடுப்புல மூணு குமிழ் இருக்கும், சட்டி அந்த மூணு மேலதான் ஒக்காரும். முக்காலி எந்தத் தரையிலயும் ஆடாது, நாற்காலிதான் ஆடும், அதே கணக்குதான் இது, மூணு எடத்துல தாங்குன சட்டிக்கு ஆட்டமே வராது. அதோட மண்ணடுப்ப அடிக்கடி மெழுகுவாக, மெழுகும்போதே தேஞ்ச குமிழுக்குக் கொஞ்சம் மண்ண அப்பி ஒசத்திருவாக, சட்டி வச்சுப் பாத்துச் சரிபண்ணிக்குவாக. ஆக அந்தக் காலத்துலயும் மட்டம் பாத்தாக, ரசமட்டம் இல்லாம பாத்தாக. அவுகளையே ஒக்கார வச்சு உங்க புது அடுப்புல தண்ணி ஊத்திப் பாக்கச் சொல்லுங்க, சட்டிக்குள்ள தண்ணி நிக்கிற கோட்டுக்கும் விளிம்புக்கும் எவ்வளவு தூரம்னு சுத்தி ஒரு பார்வை பாத்தாலே எந்தக் காலத் தூக்கணும்னு சொல்லிருவாக.

தேவகோட்டையிலேர்ந்து ஒரு வாசகி: குழிப்பணியாரச் சட்டில நடுக்குழி கருகுது, ஓரத்துக் குழில ஒரு பக்கம் வெள்ளையாவே இருக்கு. அடுப்பு சாஞ்சிருக்குமோ?

பதில்: ஏழு குழிச் சட்டின்னா நடுவுல ஒண்ணு, சுத்தி ஆறு. உங்க பர்னர் சின்னது போல, தீ பூரா நடுவுலயே நிக்குது. இது சாய்வு இல்ல. குழிக்குள்ள மாவு தனித்தனியா நிக்கிறதால லேசான சாய்வுக்குப் பணியாரம் கெடாது, தலை மட்டும் ஒரு பக்கம் ஒசந்து வரும், அம்புட்டுத்தான். பெரிய பர்னருக்கு மாத்தி தீயக் கொறைச்சு வைங்க, வார்ப்பிரும்புச் சட்டிய அவசரப்படாம நல்லா காய விடுங்க, ஓரத்துக் குழிகள்ல மொதல்ல ஊத்தி நடுக்குழில கடைசியா ஊத்துங்க, எடுக்கும்போது நடுவ மொதல்ல எடுத்துருங்க. பாதி வேக்காட்டுல சட்டிய ஒரு கால் சுத்து திருப்பி விடுங்க. திருப்புனப்புறமும் அடுப்போட அதே பக்கத்துல இருக்கிற குழியே கருகுனா பர்னர் ஓட்டையில அடைப்பு இருக்கு, ஊக்கால குத்தி விட்டுக் கழுவிக் காயவச்சு மாட்டுங்க.

கானாடுகாத்தானிலேர்ந்து ஒரு வாசகர்: மகன் வாங்கிக் குடுத்த ஓடிஜில, அதான் கரண்டுல ஓடுற கேக் அடுப்புல, கேக் பண்றேன், ஒவ்வொரு தடவையும் ஒரு பக்கம் மேடா வருது. ஓடிஜிக்கும் மட்டம் பாக்கணுமா?

பதில்: ஆமா தம்பி, கேஸ் அடுப்பவிட ஓடிஜிக்குத்தான் ரொம்பப் பாக்கணும். தோசை கல்லுல பட்டதும் பிடிச்சுக்கும்னு சொன்னேன்ல, கேக் மாவு அப்படி இல்ல, உள்ள போய் ரொம்ப நேரம் தண்ணியாவே இருக்கும், அதுக்குள்ள தாழ்ந்த பக்கம் போய்ச் சேந்துரும், அப்படியே வெந்து எறுகிரும். ரசமட்டத்த ஓடிஜி மண்டை மேல வைக்காதீங்க, உள்ள இருக்கிற கம்பித்தட்டு மேல வைங்க, தட்டு ஒரு பக்கம் ஒரு படி மேல மாட்டியிருந்தாலும் தெரிஞ்சுபோகும். மட்டம் சரியா இருந்தும் ஒரு பக்கம் மேடா வந்தா அது சூட்டோட கோளாறு, சூடு அதிகமா படுற பக்கம் சீக்கிரம் எறுகும், மத்த பக்கம் இன்னும் எழும்பிக்கிட்டு இருக்கும். கேக் மேல்பக்கம் எறுகுனப்புறம் டின்ன ஒரு தடவ திருப்பி வைங்க, மாவா இருக்கும்போதே தெறந்து திருப்புனா நடு அமுங்கிப் போகும்.

இண்டக்‌ஷன் அடுப்பு வச்சிருக்கவங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிர்றேன், அது கண்ணாடி, வழுவழுன்னு இருக்கும், சாய்வான மேடையில வச்சா எண்ணெய் பட்ட பாத்திரம் மெல்ல நகரும், பிடிச்சுக்கிறதுக்குக் கம்பி ஸ்டாண்டும் கெடையாது. அதுக்கும் காலுக்கு அடியில வாஷர் வச்சு மட்டம் பண்ணுங்க, அடியில காத்தாடி இருக்கிற எடத்த மட்டும் அடைச்சுராதீங்க.

பள்ளத்தூரிலேர்ந்து ஒரு வாசகி: குக்கர் சாஞ்சு இருந்தா வெயிட் சரியா தூக்காதா?

பதில்: தூக்கும். அந்தச் சின்னச் சாய்வுக்கு விசில் நிக்காது. அடியில கொஞ்சமா தண்ணி விட்டு மேல டப்பா அடுக்கி வைக்கிறவங்க மட்டும் தண்ணிய கொஞ்சம் கூட ஊத்துங்க, கொறைவா இருந்தா மேட்டுப் பக்கம் அடி காஞ்சு போகும்.

கோட்டையூரிலேர்ந்து ஒரு வாசகி: அக்கா மக கல்யாணத்துக்கு வீட்டுலயே பலகாரம் சுடலாம்னு இருக்கோம், மனகோலம், தேன்குழல், அதிரசம், சீயம் எல்லாம். ரெண்டாங்கட்டுல ஆத்தங்குடிக் கல்லு பாவுன தரையில காலு வச்ச பெரிய கேஸ் அடுப்பப் போட்டு ஒக்காந்து சுடணும். தரை வளவுப் பக்கம், அதாவது நடு முத்தத்துப் பக்கம், வாட்டமா இருக்கு. அப்படியே வைக்கலாமா?

பதில்: வைக்காதீங்க ஆத்தா. இத்தன கேள்வில என் மனசக் கலக்குனது இதுதான், ஏன்னா இங்க கெட்டுப்போறது பலகாரம் இல்ல. தரையோட தரையா அடுப்பு, பெரிய சட்டி நெறைய காஞ்ச எண்ணெய், சுத்தி நாலஞ்சு பேரு ஒக்காந்திருப்பாக, கல்யாண வீட்டுப் புள்ளைக ஓடிக்கிட்டு இருக்கும்.

பழைய வீட்டுத் தரைல மழைத்தண்ணி, கழுவுற தண்ணி வடியிற மாதிரி வாட்டம் இருக்கிறது நல்ல வேலைதான், அத ஒண்ணும் பண்ண வேணாம், வாட்டம் இல்லாத எடமாப் பாத்து அடுப்ப மாத்துங்க. எல்லாத் தரையும் அப்படித்தான்னா பெரிய கடப்பாக்கல் ஒண்ணக் கொண்டாந்து போட்டு அதுக்கு அடியில தாழ்ந்த பக்கம் மணல் கொட்டி மெத்தி மட்டம் பண்ணுங்க, கல்லு மேல ஏறி நின்னு நாலு மூலையும் மிதிச்சுப் பாருங்க, அசையக் கூடாது. ஆத்தங்குடிக் கல்லயும் அது காப்பாத்தும். அந்தக் கல்லு சூளையில சுட்டது இல்ல, கண்ணாடித் தகடு மேல கலர் சிமெண்ட ஊத்தித் தண்ணில ஊறவச்சுக் காயவச்சு எடுக்கிறது, காஞ்ச எண்ணெய் சொட்டுனா உள்ள எறங்கிக் கறை பிடிச்சுரும், நேரா மேல அடுப்பு வச்சா சூட்டுக்கு வெடிப்பு வந்தாலும் வரும்.

அடுப்ப எடுக்கும்போது காலப் பாருங்க. மூணு கால் அடுப்பு ஆடாதுன்னு மேல சொன்னேன், ஆனா பெரிய சட்டிக்கு அது மட்டும் போதாது, ரெண்டு காலுக்கு நடுவுல இருக்கிற பக்கம் யாராச்சும் இடிச்சா நாலு கால் அடுப்பவிட சீக்கிரம் கவுந்துரும். சட்டிய விட அடுப்போட கால் அகலம் பெருசா இருக்கணும். நாலு கால் அகலமான அடுப்பு, கீழ மட்டமான கல்லு, ஆட்டம் இல்லாம. செங்கல்ல ஒடச்சுக் காலுக்கு அடியில சொருகுற வழக்கம் உண்டு, பாரத்துல செங்கல் நொறுங்கும், அது வேணாம்.

எண்ணெய் சட்டில பாதிக்கு மேல ஊத்தாதீங்க. உருண்டை அடிச் சட்டி சாஞ்சாலும் பலகாரத்துக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னதே நாந்தான், ஆனா விளிம்பப் பாருங்க, சாஞ்ச பக்கத்துல எண்ணெய் விளிம்புக்குக் கிட்ட வந்துரும். சீயம் போட்டதும் பொங்கி நொரைக்கும், அதிரசத்த ஒண்ணுக்கு ரெண்டா போட்டா எண்ணெய் மட்டம் ஏறும், அப்ப வழியிறது அந்தத் தாழ்ந்த பக்கமாத்தான், வழிஞ்சா நேரா பர்னர் மேலதான் விழும். அதனால அடுப்பு என்னதான் மட்டமா இருந்தாலும் மொதல் ஈடு போடுறதுக்கு முன்னாடி, எண்ணெய் ஆறி இருக்கும்போதே சட்டிய சுத்தி வந்து எண்ணெய்க் கோட்டுக்கும் விளிம்புக்கும் உள்ள தூரத்த நாலு பக்கமும் பாருங்க. எல்லாப் பக்கமும் ஒரே அளவா இருந்தாத்தான் பத்த வைக்கணும். சிலிண்டர அடுப்புலேர்ந்து தள்ளி, யாரும் டியூப்ப மிதிக்காத பக்கமா நிக்க வைங்க.

தப்பித்தவறி எண்ணெய் தீப்பிடிச்சா தண்ணி ஊத்தவே கூடாது, தண்ணி அடியில போய் ஒரு நொடில ஆவியாகி எண்ணெயையும் தீயையும் சேத்து மேல தூக்கி அடிச்சுரும். கேஸ மூடுங்க, பெரிய தட்டத்தாலயோ மூடியாலயோ சட்டிய மூடுங்க, ஆறுற வரைக்கும் தெறக்காதீங்க, சட்டியத் தூக்கிக்கிட்டு வளவுக்கு ஓடாதீங்க. அந்த மூடிய மொதல்லயே அடுப்புக்குப் பக்கத்துல எடுத்து வச்சுட்டுத்தான் மாவுல கை வைக்கணும்னு வீட்டுல எல்லாருக்கும் சொல்லி வைங்க. புள்ளைகளுக்குப் பலகாரத் தட்ட முகப்புலயே குடுத்து அனுப்பிருங்க, பின்கட்டுப் பக்கம் வர விடாதீங்க.

புதுவயலிலேர்ந்து ஒரு வாசகர்: ரூம்ல நாங்க பசங்க மட்டும் சமைச்சுச் சாப்பிடுறோம் ஆச்சி. கேஸ் தீரப்போற நேரத்துல சிலிண்டரச் சாச்சு வச்சா இன்னும் ரெண்டு நாள் வருதுன்னு ஒரு நண்பன் சாச்சுத்தான் வைக்கிறான். அடுப்பு மட்டமா இருக்கணும்னு சொல்றாங்க, சிலிண்டருக்கும் அப்படியா?

பதில்: தம்பி, இன்னைக்கே அத நிமித்தி வைங்க. சிலிண்டருக்குள்ள இருக்கிறது திரவம், அதுக்கு மேல இருக்கிற எடத்துலதான் வாயு நிக்கும், நம்ம அடுப்புக்கு வரவேண்டியது அந்த வாயு. நிமிந்து நிக்கிற வரைக்கும் வால்வுக்கு வாயு மட்டும்தான் வரும். சாச்சீங்கன்னா திரவமே வால்வு பக்கம் வந்துரும், ரெகுலேட்டர் அதுக்காகச் செஞ்சது இல்ல, கொஞ்சூண்டு திரவம் வெளிய வந்தாலும் பல மடங்கு வாயுவா விரியும், தீ திடீர்னு எகிறும். கவுத்து வைக்கிறது, வெந்நித் தொட்டில வைக்கிறது, குலுக்குறது எல்லாமே வேணாம். மட்டமான தரையில, ஆடாம, நேரா நிக்கணும், அடுப்பு எப்பவும் சிலிண்டர விட ஒசரத்துல இருக்கணும், தரையில வச்சு சமைக்கிறீங்கன்னா மொதல்ல ஒரு கல்லு மேடையோ இரும்பு ஸ்டாண்டோ ஏற்பாடு பண்ணுங்க.

கேஸ் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு தெரியணும்னா சாச்சுப் பாக்க வேண்டியதே இல்ல. வீட்டுச் சிலிண்டர்ல கேஸ் மட்டும் 14.2 கிலோ. வெறும் சிலிண்டரோட எடை அது மேலயே போட்டிருக்கும், சிலிண்டருக்குச் சிலிண்டர் மாறும். ஒரு தராசுல வச்சுப் பாத்துக் கழிச்சீங்கன்னா மிச்சம் தெரிஞ்சுபோகும், அதுக்குத் தகுந்த மாதிரி முன்னாடியே புக் பண்ணிருங்க. வாடை வந்தா சுவிட்சப் போடாதீங்க, போட்டிருந்தா அணைக்கவும் செய்யாதீங்க, ரெகுலேட்டர மூடி ஜன்னல் கதவத் தெறந்துட்டு வெளிய வந்து 1906க்குப் போன் பண்ணுங்க, அது கேஸ் கசிவுக்குன்னே இருக்கிற நம்பர், எந்தக் கம்பெனி சிலிண்டரா இருந்தாலும் எடுப்பாங்க. கேஸ் காத்த விடக் கனமானது, தரையோட தரையாத்தான் பரவும், நீங்க தரையில பாய் விரிச்சுப் படுக்கிற ரூம்லயே சிலிண்டரும் இருக்குதுன்னா அத மொதல்ல வேற பக்கம் மாத்துங்க தம்பி.